மூன்றாவது கால்

இரவு எட்டரை. கிங்ஸ்லியின் ஆட்டோ
விடிய ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும்,
மேல்கணக்கு, கீழ்கணக்கு, நோர்வூட் சந்தி வரை.
குரல் என்னுடையது.
ஒரு அறிவித்தலுக்கு முந்நூறு ரூபாய்,
மரணம் என்றால் இருநூறு.

"ஐந்தாம் நம்பர் லயத்தைச் சேர்ந்த
அமரர் காத்தமுத்து ராக்கம்மா அவர்கள்"
என்று வாசித்துவிட்டுப் போட்டுக் கேட்டால்
பெயருக்கு அடியில் யாரோ அப்பளம் பொரிக்கிறார்கள்.

மழை என்றுதான் முதலில் நினைத்தேன்.
மழை ஓய்ந்து அரைமணி நேரம்.

மைக்கைப் பிடுங்கினேன். பொரிந்தது.
ஸ்பீக்கரை விட்டு ஹெட்போனில் கேட்டேன்,
காதுக்கு இன்னும் நெருக்கமாகப் பொரிந்தது.
மவுஸை நகர்த்தினால் ஒரு கீச்சு,
நிறுத்தினால் நின்றது,
உள்ளே நிஜமாகவே ஒரு எலி
என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

மூடியைக் கழற்றி, கார்டை உருவி,
தம்பியின் அழிறப்பரால் பொன்னிறப் பற்களைத் தேய்த்து
அடுத்த துளையில் சொருகினேன்.
டிரைவரை அழித்து மறுபடி போட்டேன்.
மிக்ஸரில் தேவையில்லாத வாய்களை எல்லாம்
ஒவ்வொன்றாக ஊமையாக்கினேன்.
ஃபோனைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் வைத்தேன்.
ராக்கம்மா பொரிந்துகொண்டே இருந்தாள்.

அந்த மனுஷி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.
"ஏ ரேடியோ" என்பாள்.
கொழுந்து நிறுக்கையில் இரண்டு கிலோ குறைத்து எழுதினால்
அவள் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.
கரகரப்பே இருக்காது.

கிங்ஸ்லி வந்து பார்த்தது பெட்டியை அல்ல, சுவரை.
இரண்டு கால் மல்டிபிளக்.
மூன்றாவது துளையில் குத்தி நிற்கும் என் நீலப் பேனா மூடி.
"எர்த் எங்க?"
"இந்த லயத்துக்கே இல்ல."
வயர் இழுத்தவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.
"பின்னால ஒரு கம்பிய அடிச்சி விடு."
"தோட்டத்து மண்ணு. தொரைக்கு எழுதிக் குடுக்கணும்.
கக்கூஸ் குழிக்கு எழுதினதுக்கே
இன்னும் பதில் வரல்ல."

விழுந்த ஸ்க்ரூவைத் தேடிக் குனிந்தபோது
இடது கை பெட்டியின் தகரத்தில் பட்டது.
சத்தம் நின்றது.
எடுத்தேன், வந்தது.
வைத்தேன், நின்றது.
செருப்பை மாட்டிக்கொண்டு வைத்தேன், வந்தது.
கிங்ஸ்லி சிரித்துவிட்டு, சாவு வீட்டு நினைப்பு வந்து நிறுத்தினான்.

வெறுங்காலை ஈர சிமெண்டில் ஊன்றி,
விரல் நுனியில் எறும்பு ஊர,
பெட்டியைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல் பிடித்தபடி
ஒரே மூச்சில் வாசித்தேன்.
நல்லடக்கம் பகல் இரண்டு மணிக்கு.
காத்தமுத்து ராக்கம்மா, சுத்தமாக.

மறுநாள் ஆட்டோவின் ஓட்டைக் குழாயில்
அதைவிட மோசமான இரைச்சல்.
ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆள் வந்தது.

குழி வெட்டிய பையன்கள் திரும்பும் வழியில்
எங்கள் பின் கானோரம் அலவாங்கைக் குத்திவிட்டுக்
கைகால் கழுவிப் போனார்கள்.
இரண்டு நாள் பார்த்தேன். யாரும் வரவில்லை.
பழைய வயரைச் சீவி
ஒரு முனையை அலவாங்கின் கழுத்தில் முறுக்கினேன்,
மறுமுனையைப் பெட்டியின் ஸ்க்ரூவில்.
கையை எடுத்துவிட்டுக் கேட்டேன்.
கானில் தண்ணீர் போவது கேட்டது.
அடுத்த காம்பிராவில் ஒரு இருமல்.

அதற்குப் பிறகு வேலைக்குக் குறைவில்லை.
குழாய்த் தண்ணீர் வெட்டு,
காணாமல்போன செவலைப் பசு,
பள்ளிக்கூடப் பெற்றார் கூட்டம்.

நேற்று இரவு கதவு தட்டினார்கள்.
மேல்கணக்கில் யாரோ.
பெயரைத் துண்டில் எழுதி நீட்டியவன்
படி இறங்கித் திரும்பினான்.
"பின்னால நம்ம அலவாங்கு நிக்குதாமே அக்கா?"

டார்ச் பிடித்து, முறுக்கை அவிழ்த்துக் கொடுத்தேன்.
உள்ளே வந்து
செருப்பைக் கழற்றினேன்.